கார்டு வாங்கிவிட்டால் மட்டும் லைவ் ஓடிவிடாது: ஜிபியு என்கோடிங்கில் நான் பட்ட பாடு

லைவ் வீடியோவை கிராஃபிக்ஸ் கார்டு (ஜிபியு) மூலம் என்கோட் செய்யலாம், அதாவது அனுப்புவதற்கேற்பச் சுருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்காவது இது உதவும் என்றுதான் எழுதுகிறேன். நான் இதில் இறங்கியபோது கூடக் கேட்டுப் பார்க்க ஆள் இல்லை. தேடினால் கட்டளைகள் கிடைத்தன. ஆனால் எந்த ஆப்ஷனை எதற்காகப் போடுகிறோம், போடாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சேர்த்து வைத்துச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டது. சேமிப்பில் ஒரு நல்ல பகுதி கார்டுக்குப் போனது. ஒரு வாடிக்கையாளரிடம் அந்த மாதக் கட்டணத்தைக் கேட்க வாய் வராமல் விட்டேன். இதில் பெரும்பகுதி, தெரிந்தவர் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் மிஞ்சியிருக்கும்.

வேலை இதுதான். ஒரு பயிற்சி நிறுவனத்தின் வகுப்புகளை நேரலையாக அனுப்ப வேண்டும். அவர்கள் பக்கத்திலிருந்து 1080பி அளவில், விநாடிக்கு 30 ஃபிரேம் கொண்ட ஒரே ஸ்ட்ரீம் என் சர்வருக்கு வரும். அதை 1080, 720, 480, 360 என்று நான்கு அளவுகளாக்கி, ஹெச்எல்எஸ் என்ற முறையில் சில விநாடித் துண்டுகளாக வெட்டிப் பார்வையாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். மென்பொருள் எஃப்எஃப்எம்பெக், கட்டளை கொடுத்து வீடியோவை மாற்றும் கருவி. என்கோடர், எல்லோரும் தொடங்கும் எக்ஸ்264. சர்வரில் கார்டு எதுவும் கிடையாது, சிபியு மட்டும்தான். ஸ்லைடும் பேசுபவரின் முகமும் மட்டும் இருக்கிற வரை எல்லாம் நன்றாக ஓடியது. செய்முறை வகுப்பில் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள், படம் முழுக்க அசைந்தது, அவ்வளவுதான். எஃப்எஃப்எம்பெக் திரையில் ஓடும் வரியின் கடைசியில் 'ஸ்பீட்' என்று ஒரு எண் வரும். அது 1-க்குக் கீழே இறங்கியது.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் லைவின் முழுக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 33 மில்லிவிநாடி. 60 ஃபிரேம் என்றால் 16.7. அதற்குள் டீகோட் செய்து (சுருக்கி வந்ததை மறுபடி ஃபிரேம்களாக விரித்து), நான்கு அளவாக்கி, நான்கையும் என்கோட் செய்து முடிக்க வேண்டும். பதிவு செய்த வீடியோவாக இருந்தால் வேகம் 0.8 ஆனாலும் கவலையில்லை, கொஞ்சம் தாமதமாக முடியும். லைவில் தாமதம் சேர்ந்துகொண்டே போகும். வேகம் 0.97 என்று பார்த்தபோது 'கிட்டத்தட்ட 1 தானே' என்றுதான் எனக்கும் தோன்றியது. ஒரு மணி நேரம் ஓடினால் அது 1 நிமிடம் 48 விநாடி பின்தங்கல். அந்தப் பின்தங்கல் பஃபரில் குவியும், பஃபர் நிரம்பினால் அனுப்புகிறவரின் இணைப்பே அறுந்துபோகும். எனக்கு வகுப்பின் நடுவில் அறுந்தது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் பணம் கட்டிப் படித்தவர்கள். அன்று இரவு அந்த நிறுவனத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது இருந்த மனநிலையை இப்போதும் விரும்பி நினைப்பதில்லை.

உடனடித் தீர்வாக எக்ஸ்264-இன் ப்ரீசெட்டை (வேகமா தரமா என்று ஆயத்தமாக வைத்திருக்கும் அமைப்பு) 'அல்ட்ராஃபாஸ்ட்'டுக்கு இறக்கினேன். வேகம் உடனே ஏறிவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ப்ரீசெட் வேகத்தை எதைக் கொடுத்து வாங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைப் பார்த்துச் சுருக்கும் பி-ஃபிரேம் கிடையாது, கேபாக் என்ற சுருக்கும் முறை கிடையாது, கட்டம் கட்டமாகத் தெரிவதை மழுக்கும் டீபிளாக்கிங்கும் கிடையாது. அதே பிட்ரேட்டில் (விநாடிக்குச் செலவாகும் டேட்டா அளவில்) படம் கண்கூடாகக் கெட்டது. ஸ்லைடில் இருந்த சின்ன எழுத்துகள் 480பியில் படிக்க முடியாமல் போயின. வகுப்புக்கு எழுத்துதான் உயிர். பிட்ரேட்டை ஏற்றினால் மெதுவான இணைப்பு உள்ளவர்களுக்குத் திணறும். ஆக சிபியுவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று முடிவெடுத்து கிராஃபிக்ஸ் கார்டு பக்கம் வந்தேன்.

இங்கேதான் பணம் போனது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 'வீடியோ வேலைக்கா? எவ்வளவு பெரிய கார்டு வாங்க முடியுமோ அவ்வளவு பெரியது வாங்கு' என்பதுதான் எனக்குக் கிடைத்த ஆலோசனை. விளையாட்டுக்கும் முப்பரிமாண வேலைக்கும் அது சரி. என்கோடிங்குக்குச் சரியில்லை. கார்டில் ஆயிரக்கணக்கான கோர்கள் இருக்கும், அவை என்கோட் செய்வதில்லை. அந்தச் சிப்பின் ஒரு மூலையில் என்கோடிங்குக்கென்றே ஒரு தனிச் சுற்று இருக்கிறது, வேலை அங்கேதான் நடக்கிறது. என்விடியாவில் அதற்குப் பெயர் என்வென்க், 2012-இல் கெப்ளர் தலைமுறையோடு வந்தது. இன்டெலில் குவிக் சிங்க், 2011-இல் சாண்டி பிரிட்ஜோடு வந்தது. ஏஎம்டியில் முன்பு விசிஇ, இப்போது விசிஎன். அந்தச் சுற்று எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதுதான் பெரும்பாலும் தரத்தையும் வேகத்தையும் தீர்மானிக்கிறது, கார்டின் அளவு இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060-இல் இருப்பதும் 3090-இல் இருப்பதும் ஒரே தலைமுறை என்வென்க், இரண்டிலும் ஒன்று ஒன்றுதான். நான் பெரிய கார்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதும், என் வேலையில் ஒருநாளும் விழித்துக்கொள்ளாத கோர்களுக்குப் போனது. (40 வரிசையில் 4070 டிஐ, 4090 போன்ற பெரியவற்றில் இரண்டு என்கோடர்கள் வைத்தார்கள், ஆகவே விதிவிலக்கு உண்டு. வாங்குமுன் அந்தக் குறிப்பிட்ட மாடலில் எத்தனை என்று பார்த்துவிடுங்கள்.)

இதன் மறுபக்கமும் இருக்கிறது. மலிவான கார்டு எதுவானாலும் போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என்விடியாவின் ஜிடி 1030-இல் என்வென்க் சுற்றே கிடையாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் வீடியோ என்கோடர் இல்லை. 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-இன் முதல் வடிவம் பெயருக்கு டூரிங் தலைமுறைதான், ஆனால் அதில் வைத்திருந்தது முந்தைய தலைமுறை என்கோடர். பெட்டியின் மேல் இருக்கும் பெயரை நம்பாமல் தயாரிப்பாளரே வெளியிட்டிருக்கும் என்கோடர் அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள். அதற்கும் முன்னால், கையில் இருக்கும் சிபியுவையே ஒருமுறை பாருங்கள். இன்டெல் சிபியுவில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருந்தால் குவிக் சிங்க் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, காசு எதுவும் செலவழிக்க வேண்டாம். மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அந்த கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். வீட்டில் ஒரே ஒரு ஸ்ட்ரீம் அனுப்புகிறவர்களில் பலருக்குக் குவிக் சிங்க்கே போதும் என்பது என் கருத்து, இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

சரி, கார்டு வந்தது. அதை இயக்குவதே ஒரு தனிப் போராட்டம். லினக்ஸில் தானாக வரும் நூவோ டிரைவரை வைத்துக்கொண்டு என்வென்க் ஓடாது, தயாரிப்பாளரின் டிரைவர் வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கும் அந்த என்கோடரைச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும், என்கோடர் பட்டியலைக் கேட்டால் அதில் பெயர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எஃப்எஃப்எம்பெக் புதிதாகவும் டிரைவர் பழையதாகவும் இருந்தால், தேவையான பதிப்பு இது, இருக்கும் பதிப்பு அது என்று ஒரு பிழை வரும். அது நல்ல பிழை, என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. என்னை அதிகம் அலைக்கழித்தது டாக்கர், மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி. கன்டெய்னருக்குள் கார்டு தெரிகிறது, நிலவரம் காட்டும் கட்டளையும் வேலை செய்கிறது, என்கோடர் மட்டும் திறக்க மறுக்கிறது. காரணம் ஒரே ஒரு சொல். கன்டெய்னருக்கு டிரைவரின் எந்தெந்தத் திறன்கள் வேண்டும் என்று ஒரு மாறியில் சொல்ல வேண்டும். எதுவும் சொல்லாவிட்டால் கணக்கீட்டுக்கும் நிலவரக் கருவிகளுக்கும் உரியவை மட்டுமே உள்ளே வரும். அந்தப் பட்டியலில் 'வீடியோ' என்று சேர்த்தால்தான் என்கோடரும் டீகோடரும் உள்ளே வரும். அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க எனக்குப் போன நேரத்தை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

முதல் ஓட்டம், மூன்று அளவுகளை மட்டும் வைத்து. எக்ஸ்264 இருந்த இடத்தில் என்வென்க் பெயரை மாற்றிப் போட்டேன். எண்ணிக்கொண்டிருந்தது நான்கு மடங்கு, ஐந்து மடங்கு வேகம். வந்தது 1-ஐத் தாண்டிக் கொஞ்சம். சிபியு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. கார்டில் என்கோடர் பயன்பாடு கால்வாசிகூட இல்லை. வாங்கிய கார்டு பழுது என்றே நினைத்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் போய், ஒவ்வொரு படியாக அளந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. என்கோடிங் என்பது கடைசிப் படி. அதற்கு முன்னால் டீகோடிங்கும், அளவு மாற்றும் வேலையும் இன்னும் சிபியுவில்தான் நடந்துகொண்டிருந்தன. வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றும்போது கடைசியில் நிற்பவரை மட்டும் பலசாலியாக மாற்றினால் வேலை வேகமாகுமா? அதேதான். அப்புறம், ஒவ்வொரு ஃபிரேமும் சாதாரண மெமரியிலிருந்து கார்டின் மெமரிக்குப் போக வேண்டும். 1080பி ஃபிரேம் ஒன்று சுருக்காத நிலையில் சுமார் 3.1 எம்பி. விநாடிக்கு 30 என்றால் 93 எம்பி. 4கே, விநாடிக்கு 60 என்று போனால் விநாடிக்கு ஏறத்தாழ 750 எம்பி. ஒரு முறை போனால் பரவாயில்லை. கார்டில் டீகோட் செய்து, கீழே இறக்கி, சிபியுவில் அளவு மாற்றி, நான்கையும் மறுபடி மேலே ஏற்றினால் எல்லாம் நகலெடுப்பதிலேயே போய்விடும்.

ஆகவே ஃபிரேம் கார்டுக்குள் ஒருமுறை நுழைந்தால், என்கோட் ஆகிச் சிறிய துண்டாகத்தான் வெளியே வர வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கில் இதற்கு மூன்று விஷயங்கள் சேர வேண்டும். ஹெச்டபிள்யூஆக்செல் ஆப்ஷனில் 'கூடா' (CUDA, என்விடியா கார்டில் வேலைகளை ஓட்டும் தளம்) என்று சொல்லி டீகோடிங்கைக் கார்டுக்கு மாற்ற வேண்டும். ஹெச்டபிள்யூஆக்செல் அவுட்புட் ஃபார்மேட் ஆப்ஷனிலும் கூடா என்று சொல்ல வேண்டும். பலர் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள், விட்டால் டீகோட் ஆன ஃபிரேம் தானாகக் கீழே இறங்கி சாதாரண மெமரிக்கு வந்துவிடும். மூன்றாவது, வழக்கமான ஸ்கேல் ஃபில்டருக்குப் பதிலாக ஸ்கேல் கூடா. என்பிபி என்று முடியும் இன்னொரு ஸ்கேல் ஃபில்டரும் உண்டு, ஆனால் உரிமச் சிக்கலால் ஆயத்தமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக்கில் அது பெரும்பாலும் இருக்காது, அதைத் தேடி அலைய வேண்டாம். ஒரே ஒரு முறை டீகோட் செய்து, ஸ்ப்ளிட் ஃபில்டரால் நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கார்டுக்குள்ளேயே அளவாக்கி அங்கேயே என்கோட் செய்யுங்கள். இந்த மாற்றத்தைச் செய்த அன்று சிபியு பயன்பாடு சட்டென்று விழுந்தது. வேகத்தில் நான் முதலில் எதிர்பார்த்தது அன்றுதான் கண்ணில் பட்டது. நிம்மதி என்ற சொல்லுக்கு அன்று எனக்குப் பொருள் இருந்தது.

ஆனால் இந்தப் பாதையைக் குலைக்கும் சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு. வீடியோவின் மேல் எழுத்து போடும் டிராடெக்ஸ்ட் ஃபில்டர் சிபியுவில்தான் ஓடும். மூலையில் நேரம் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாலே ஃபிரேமைக் கீழே இறக்கி, எழுதி, மறுபடி ஏற்ற வேண்டியதாகிவிடும். லோகோவுக்கு ஓவர்லே கூடா இருக்கிறது. எழுத்தை நான் அனுப்புகிறவர்கள் பக்கமே, ஓபிஎஸ் என்ற ஸ்ட்ரீமிங் மென்பொருளில் போட்டு அனுப்பச் சொல்லிவிட்டேன். இன்னொன்று, வரும் வீடியோவின் வடிவம். ஒரு நாள் வேறொரு கேமராவிலிருந்து ஹெச்264-இல் (எக்ஸ்264 உருவாக்கும் அதே வீடியோ வடிவம்) 10 பிட் நிற ஆழம் கொண்ட ஸ்ட்ரீம் வந்தது. 2025-இல் வந்த பிளாக்வெல் தலைமுறைக்கு முந்தைய என்விடியா கார்டுகள் அதை ஹார்டுவேரில் டீகோட் செய்வதில்லை. எஃப்எஃப்எம்பெக் சிபியு டீகோடிங்குக்கு மாறியது, கூடா ஃபிரேமை எதிர்பார்த்து நின்ற ஸ்கேல் ஃபில்டர், வடிவத்தை மாற்ற இயலாது என்று சொல்லி நின்றுவிட்டது. 8 பிட், 4:2:0 (நிற விவரத்தைக் குறைத்து வைக்கும் வழக்கமான வடிவம்) மட்டுமே அனுப்ப வேண்டும் என்று அன்றே எழுத்தில் கொடுத்தேன். அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் இதை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

அடுத்த அடி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மூன்று அளவுகள் வரை ஓடுகிறது. நான்காவதைச் சேர்த்தால் என்கோடர் திறக்காமல் 'மெமரி போதவில்லை' என்று ஒரு பிழை. கார்டின் மெமரியில் பத்தில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை. பஃபரைக் குறைத்தேன், ஃபிரேம் அளவைக் குறைத்தேன், டிரைவரைக் கழற்றி மாட்டினேன். விஷயம் மெமரி இல்லவே இல்லை. ஜிஃபோர்ஸ் வரிசைக் கார்டுகளில் ஒரே நேரத்தில் எத்தனை என்கோடிங் ஓடலாம் என்று டிரைவரில் ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் வரும் பிழைதான் அது. சில டிரைவர் பதிப்புகளில் இதே வரம்பு 'இன்கம்பாட்டிபிள் கிளையன்ட் கீ' என்ற வேறு செய்தியாகவும் வரும். நெடுங்காலம் அந்த வரம்பு 2-ஆக இருந்தது, 2020-இல் 3 ஆனது, 2023-இல் 5, 2024-இல் 8. நான் மாட்டிக்கொண்டது 3 இருந்த காலத்தில். வரம்பு கார்டுக்கு இல்லை, கணினிக்கு. இன்னொரு ஜிஃபோர்ஸ் கார்டைச் சொருகினாலும் எண்ணிக்கை கூடாது. அதை அறிவதற்குள் இரண்டாவது கார்டுக்கு விலை விசாரித்தும் விட்டேன், நல்லவேளையாக வாங்கவில்லை.

இதற்கு நான் கண்ட வழி இன்றும் உபயோகப்படும் என்பதால் சொல்கிறேன். பெரிய மூன்று அளவுகளையும் கார்டில் விட்டுவிட்டு, 360பியை மட்டும் கார்டிலேயே அளவாக்கி, ஹெச்டபிள்யூ டவுன்லோடு ஃபில்டரால் கீழே இறக்கி, எக்ஸ்264-இல் என்கோட் செய்தேன். 640-க்கு 360 ஃபிரேம் மூன்றரை லட்சம் பைட்டுக்கும் குறைவு, இறக்குவதில் சுமையே இல்லை. ஓய்ந்திருந்த சிபியுவுக்கும் அது சாதாரண வேலை. சிறிய அளவில், குறைந்த பிட்ரேட்டில் எக்ஸ்264-இன் நல்ல ப்ரீசெட் ஹார்டுவேரைவிடத் தெளிவாக இருந்தது என்பது எதிர்பாராத லாபம். வரம்பு தளர்ந்த பிறகும் 360பியை நான் சிபியுவில்தான் வைத்திருக்கிறேன்.

தரத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ஹார்டுவேர் என்கோடர் என்றாலே படம் மோசம் என்ற பேச்சு பழைய தலைமுறைகளைப் பொறுத்தவரை நியாயமானது. 2018-இல் வந்த டூரிங் தலைமுறையில் என்வென்க் கணிசமாகத் தேறியது. அப்போதும் எக்ஸ்264-இன் மெதுவான ப்ரீசெட்டுகளை அதே பிட்ரேட்டில் அது எட்டாது. ஆனால் லைவில் அந்த மெதுவான ப்ரீசெட்டுகளை சிபியுவில் ஓட்ட நம்மில் எத்தனை பேரால் முடியும்? ஒப்பிட வேண்டியது, சிபியுவில் உண்மையில் ஓடக்கூடிய ப்ரீசெட்டோடு. உங்கள் பழைய லைவ் பதிவிலிருந்து ஒரு நிமிடத்தை வெட்டி இரண்டு வழியிலும் ஒரே பிட்ரேட்டில் என்கோட் செய்து, நெட்ஃபிளிக்ஸ் திறந்த மூலமாகக் கொடுத்திருக்கும் விமாஃப் என்ற படத்தர அளவையால் அளந்து பாருங்கள். அதோடு, எழுத்து இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிக் கண்ணாலும் பாருங்கள். வகுப்பு வீடியோவில் எண்ணைவிடக் கண்ணைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

எனக்கு ஒத்துவந்த அமைப்பு இது. என்வென்க்கில் ப்ரீசெட்டுகள் பி1 முதல் பி7 வரை, எண் ஏற ஏறத் தரம் கூடும், வேகம் குறையும். நான் பி5 வைத்திருக்கிறேன். ட்யூன் 'ஹெச்க்யூ' (உயர் தரம்), பிட்ரேட் கட்டுப்பாடு சிபிஆர் (மாறாத பிட்ரேட்), ஸ்பேஷியல் ஏக்யூ (ஃபிரேமின் பகுதிகளுக்கு ஏற்பப் பிட்டைப் பங்கிடுவது) போட்டிருக்கிறேன், பி-ஃபிரேம் 2. ஸ்பேஷியல் ஏக்யூ போட்ட பிறகு பேசுபவருக்குப் பின்னால் இருந்த சுவரில் பட்டை பட்டையாகத் தெரிந்தது குறைந்தது. லுக்அஹெட் போட்டால் என்கோடர் வரப்போகும் ஃபிரேம்களைப் பார்த்துப் பிட்டைப் பங்கிடும், அதற்காக ஃபிரேம்களைக் காத்து வைக்கும். 20 ஃபிரேம் என்றால் 30 ஃபிரேம் வீடியோவில் முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவான தாமதம். ஹெச்எல்எஸ்ஸில் அது கண்ணுக்கே தெரியாது. வெப்ஆர்டிசி போல உடனுக்குடன் பேசும் லைவ் என்றால் லுக்அஹெட்டும் வேண்டாம், பி-ஃபிரேமும் வேண்டாம். ட்யூனை 'அல்ட்ரா லோ லேட்டன்சி'க்கு மாற்றிவிடுங்கள்.

கீஃப்ரேம் (மற்ற ஃபிரேம்களின் துணையின்றித் தானே முழுப் படமாக விரியும் ஃபிரேம்) விஷயத்தில் நான் வாரக்கணக்கில் தடுமாறினேன். மொபைலில் பார்த்தவர்கள், அளவு மாறும் நொடியில் படம் ஒரு துள்ளு துள்ளுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான்கு அளவுகளிலும் கீஃப்ரேம் அதே ஃபிரேமில் விழ வேண்டும், அப்போதுதான் பிளேயர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சத்தமில்லாமல் தாவ முடியும். லுக்அஹெட் போட்டிருந்தால் காட்சி மாறும் இடங்களில் என்கோடர் தன் இஷ்டத்துக்கு, முழுப் படத்தையும் கொண்ட ஒரு ஐ-ஃபிரேமைச் செருகும். அதைத் தடுக்க 'நோ சீன்கட்' ஆப்ஷன் இருக்கிறது. இரண்டு விநாடிக்கு ஒரு கீஃப்ரேம் என்றால் 30 ஃபிரேம் வீடியோவில் அந்த இடைவெளியைச் சொல்லும் ஜி மதிப்பு 60. நேரத்தை வைத்துக் கட்டாயக் கீஃப்ரேம் கேட்கும் ஆப்ஷனைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கூடவே 'ஃபோர்ஸ்டு ஐடிஆர்' போட வேண்டும். போடாவிட்டால் வருவது வெறும் ஐ-ஃபிரேம், ஹெச்எல்எஸ் அந்த இடத்தில் துண்டை வெட்டாது. இந்த இரண்டையும் போட்ட பிறகு துள்ளல் பற்றிய புகார் நின்றது.

ஓபிஎஸ் மட்டும் வைத்து நேரடியாக அனுப்புகிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் எனக்கு ஸ்ட்ரீம் அனுப்பும் அந்தப் பயிற்சி நிறுவனத்தார் பட்ட கஷ்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். படம் விட்டு விட்டு வருகிறது என்றால் உடனே 'நெட் மோசம்' என்று சொல்லிவிடுகிறோம். ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் என்ற சாளரத்தைத் திறந்தால் ஃபிரேம் தவறியதற்கு மூன்று தனிக் கணக்குகள் இருக்கும். ரெண்டரிங் (கார்டு படத்தை வரைவது) தாமதத்தால் தவறியவை, என்கோடிங் தாமதத்தால் தவறியவை, நெட்வொர்க்கால் விடப்பட்டவை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. என்கோடிங் கணக்கு ஏறினால் ஹார்டுவேர் என்கோடருக்கு மாறுவது உதவும், ஏற்கெனவே மாறியிருந்தால் ப்ரீசெட்டைக் குறைக்க வேண்டும். ரெண்டரிங் கணக்கு ஏறினால் கார்டின் கோர்களே நிரம்பி வழிகின்றன என்று பொருள். அங்கே என்கோடரை மாற்றிப் பயனில்லை. கூட ஓடும் விளையாட்டின் அல்லது செயலியின் ஃபிரேம் ரேட்டுக்கு ஒரு வரம்பு வைத்து கார்டுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்க வேண்டும், விண்டோஸில் ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் கார்டு அதற்கு முன்னுரிமை கொடுக்கும். லுக்அஹெட், சைக்கோ விஷுவல் ட்யூனிங் இரண்டும் அந்தத் தனிச் சுற்றில் முழுமையாக ஓடுவதில்லை, கோர்களையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கார்டு நிரம்பியிருக்கும்போது அவற்றை அணைத்துவிடுங்கள். நெட்வொர்க் கணக்கு ஏறினால் மட்டும் பிட்ரேட்டைக் குறையுங்கள். நிறுவனத்தாருக்கு ஏறிக்கொண்டிருந்தது ரெண்டரிங் கணக்கு, அவர்கள் அதற்குள் இணைய இணைப்பைப் பெரிய திட்டத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள்.

சோதனை செய்வது எப்படி என்பதற்கும் இரண்டு வார்த்தை. எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் சோதனைப் பட்டைகளை வைத்து அளக்காதீர்கள், அவை எந்த என்கோடருக்கும் சுலபம். உங்கள் பதிவுகளிலேயே அதிகம் அசைவுள்ள பகுதியை எடுங்கள். கோப்பை லைவ் வேகத்தில் ஊட்டும் 'ஆர்இ' ஆப்ஷனை முதலில் எடுத்துவிட்டு ஓட்டுங்கள், அது இருந்தால் ஸ்பீட் எண் 1-ஐத் தாண்டவே தாண்டாது, எவ்வளவு மிச்ச பலம் இருக்கிறது என்று தெரியாது. எனக்கு 1.5-க்குக் கீழே வந்தால் அந்த அமைப்பை லைவுக்குக் கொண்டுபோக மாட்டேன். அதன் பிறகு 'ஆர்இ'யைப் போட்டு, நிகழ்ச்சி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் ஓட விடுங்கள். கார்டைக் கவனிக்கும்போது மொத்தப் பயன்பாட்டு எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். லினக்ஸில் என்விடியா எஸ்எம்ஐயின் டிமான் காட்சியில் என்கோடர், டீகோடர், கோர் மூன்றுக்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் 'வீடியோ என்கோட்' வரைபடத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, சர்வரில் டிரைவர் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தி வையுங்கள். ஒரு காலை, வகுப்பு தொடங்கச் சிறிது நேரம் இருக்கும்போது, டிரைவரும் லைப்ரரியும் வேறு வேறு பதிப்பு என்று சொல்லி கார்டு எதற்கும் பதில் தரவில்லை. இரவில் தானியங்கி அப்டேட் லைப்ரரியை மாற்றிவிட்டிருந்தது, ஓடிக்கொண்டிருந்த கெர்னலுக்குள் பழைய டிரைவர் அப்படியே இருந்தது. சர்வரை ஒருமுறை ரீபூட் செய்தாலே சரியாகிவிடும், ஆனால் அது தெரியாதவருக்கு அந்த நிமிடங்கள் நரகம். அன்று வகுப்பைக் காப்பாற்றியது, 720, 360 என்று இரண்டே அளவுகளை சிபியுவில் ஓட்டும்படி முன்பே எழுதிச் சோதித்து வைத்திருந்த ஒரு மாற்று ஸ்கிரிப்ட். அதை இன்றும் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு டிரைவர் மாற்றத்துக்குப் பிறகும் அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.